கைப்பிள்ளையின் மூச்சுக்குழல்: கேட்டவர்களுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகள்.

அம்பாசமுத்திரம்: டாக்டரம்மா, வீட்டில் எல்லாருக்கும் ஒரே சளிதான். எங்களுக்கு மூக்கு ஒழுகியதோடு போய்விட்டது, நாலு மாதப் பிள்ளைக்கு மட்டும் மூச்சு இழுக்கிறதே, ஏன்?

குழலின் அளவுதான் காரணம். குரல்நாணுக்குக் கீழே கிரிக்காய்டு என்று ஒரு குருத்தெலும்பு வளையம் உண்டு, முழு வட்டம், விரிந்தே கொடுக்காது. கைப்பிள்ளைக்கு அங்கே உள்விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர், பென்சிலைவிட மெலிசு. சளியில் உட்சவ்வு சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2 தான். காற்றுப் போகிற வழி கால்வாசியாகிவிடும், தடை 16 மடங்கு ஏறும், பிள்ளை வீறிட்டு அழுதால் இன்னும் மோசம். உங்களுக்கு அதே வீக்கம் தொண்டைக் கரகரப்போடு முடிந்துவிடும். அதனால் அழவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மேலப்பாளையம்: ஆச்சி குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள். சொன்னால் கோபம் வருகிறது.

ஆச்சி காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுகிற பக்குவம் யாருக்கும் வராது, அதை விட்டுவிட வேண்டாம், எண்ணெயை மட்டும் நிறுத்துங்கள். முதல் சில மாதங்களுக்குப் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அந்த எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரும். மூக்கடைப்புக்கு டாக்டர் எழுதித் தருகிற உப்புத்தண்ணீர்ச் சொட்டு போதும்.

தென்காசி: ரெண்டு வயசுப் பையனுக்குக் கடலை தின்னும்போது புரையேறியது. அப்புறம் சரியாகிவிட்டான், ஆனால் பத்து நாளாக இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது, புரையேறிய கதையைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் குழலிலிருந்து புளியங்கொட்டை எடுத்தபோது பக்கத்தில் நின்றேன்: ஈரத்தில் ஊறிப் பெருத்து, தோல் வழுவழுவென்று இடுக்கியில் நிற்காமல் மூன்று தடவை நழுவியது. பல்லாங்குழி ஆடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள்.

வள்ளியூர்: தொண்டையில் அடைத்தால் விரல் விட்டு எடுக்கலாமா?

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும். தெரியாமல் துழாவினால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். இருமுகிற பிள்ளையை இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால், ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையை முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு, பிறகு மல்லாத்தி நடு நெஞ்சில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்து, வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. பக்கத்தில் இருப்பவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும்.