1980களின் வீட்டுக் கணினியான கமடோர் 64 காலத்து நிரலாக்க வழிகாட்டி நூல்களை இன்று படித்தால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் நிரல் எழுதக் கற்றுக்கொள்வதற்காக என்றால் வேண்டாம். வரி எண், கோட்டூ (நிரலில் வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கட்டளை) என்று அதில் ஊறிவிட்டால் அப்புறம் அந்தப் பழக்கத்தை விடுவதே பெரும்பாடு. கணினி உள்ளுக்குள் என்னதான் செய்கிறது என்று பார்க்க ஆசையா, தாராளமாகப் படிக்கலாம்.

1982இல் கமடோர் நிறுவனமே வெளியிட்ட புரோகிராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடை மனதில் வைத்துச் சொல்கிறேன். அந்தக் கணினியோடு வந்த பேசிக் மொழியில் ஒரு கோடு போடவோ ஒலி எழுப்பவோ கட்டளையே கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு நினைவக முகவரியில் ஒரு எண்ணைப் போட வேண்டும், உதாரணமாக போக் (POKE) 53280, 0 என்று அடித்தால் திரையின் ஓரம் கறுப்பாகும். எந்த முகவரி எதற்கு என்று தெரியாதவனுக்கு அந்த மெஷினின் பாதிச் சிறப்பு பூட்டியே கிடக்கும். அதனால்தான் அந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு மவுசு.

ஸ்பிரைட், அதாவது திரையில் நகர்த்தக்கூடிய சின்னப் படம், அந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஒரு ஸ்பிரைட் 24க்கு 21 புள்ளி, அதாவது வரிக்கு மூன்று பைட், மொத்தம் 63 பைட். கட்டம் போட்ட தாளில் படத்தை வரைந்து, நிரம்பிய கட்டங்களுக்கு 128, 64, 32 என்று கூட்டி எண்ணாக்கி, 832ஆம் முகவரியிலிருந்து வரிசையாகப் போட்டு, 2040இல் 13 என்று எழுத வேண்டும் (ஏன் 13? 13ஐ 64ஆல் பெருக்கிப் பாருங்கள்). அதை நகர்த்தும்போதுதான் வேடிக்கை. திரையின் அகலம் 320 புள்ளி, ஒரு பைட்டில் 255க்கு மேல் போகாது. அதனால் ஒன்பதாவது பிட்டை 53264இல் வைத்திருக்கிறார்கள், எட்டு ஸ்பிரைட்டுக்கும் சேர்த்து அந்த ஒரே பைட்தான். அங்கே நேராக 1 என்று எழுதினால் மற்ற ஏழின் பிட்டும் அழிந்து, வலப்பக்கம் நின்றவை சட்டென இடப்பக்கம் தாவிவிடும். முதலில் பீக் (PEEK) செய்து பழைய மதிப்பை எடுத்து, மற்ற பிட்டைத் தொடாமல் வேண்டிய பிட்டை மட்டும் 1 ஆக்க ஆர் (OR) போட்டு, திரும்ப எழுத வேண்டும்.

நான் பிழைப்புக்கு மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் குட்டிக் கணினிச் சிப்களுக்கு, சி மொழியில் நிரல் எழுதுகிறேன். ரெஜிஸ்டரில் (வன்பொருளைக் கட்டுப்படுத்தும் முகவரியில்) ஒரு பிட்டை மாற்றும்போது இன்றும் இதே வேலைதான், பெயர்தான் வேறு.

இன்னொன்று, நினைவக வரைபடம். 64 கிலோபைட் என்று விற்ற மெஷின், ஆன் செய்ததும் 38911 பைட்தான் காலி என்று சொல்லும். மீதியில் பெரும்பகுதி எங்கே போயிற்று என்றால், பேசிக் ரோமும் (ROM) கணினியின் அடிப்படை இயக்க நிரல் இருக்கும் கெர்னல் ரோமும், அதாவது படிக்க மட்டுமே முடிகிற சிப்கள், சாதாரண நினைவகத்தின் மேலேயே அமர்ந்து அதை மறைத்துக்கொண்டிருக்கின்றன. முகவரி 1இல் சில பிட்டை மாற்றினால் விலகிவிடும். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது, என்ன தைரியமான வடிவமைப்பு!

குறை இல்லாமல் இல்லை. இயந்திர மொழி அத்தியாயம் புதியவருக்கு ஏறாது, பேசிக் கட்டளைகளின் அகரவரிசை சரியான தூக்க மாத்திரை, இரண்டையும் முதல் சுற்றில் தாண்டிவிடுங்கள். ஸ்கேன் செய்த பிரதி இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கிறது. வைஸ் (VICE) என்ற இலவச எமுலேட்டரை, அதாவது அந்தப் பழைய கணினி போலவே நடிக்கும் மென்பொருளைப், பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போக்கையும் கையாலேயே அடித்துப் பாருங்கள், காப்பி பேஸ்ட் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்த முழு மின்சுற்றுப் படம் ஒன்று உண்டு, சில ஸ்கேன்களில் அது துண்டு துண்டாக வெட்டுப்பட்டிருக்கும், நல்ல பிரதியாகப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.