இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் எரியும் இ.எஸ்.சி விளக்கு: சென்சாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வீல் அலைன்மென்ட் செய்து ஒரு வாரம் ஆகிறது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் நன்றாக ஒடிக்கும்போது மட்டும் இ.எஸ்.சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. வண்டியை அணைத்துப் போட்டால் போய்விடுகிறது. ஸ்கேனரில் சி0051 வருகிறது. ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: அதற்குள் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார் பக்கம் கோளாறு இருக்கிறது என்பதோடு சி0051 நின்றுவிடுகிறது. பியூஸ், எர்த், கனெக்டர், வயர் எதில் அறுந்தாலும் இதே கோடு வரலாம். கூடவே யு0126 இருந்தால் சென்சாரோடு பேச்சே அறுந்துவிட்டது, மின்சாரத்தையும் கேன் வயரையும் (மாட்யூல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) பாருங்கள். யு0428 என்றால் சென்சார் பேசுகிறது, சொல்லும் மதிப்பு நம்பும்படி இல்லை. அங்கே காலிபரேஷன்தான், அதாவது நேர் நிலை எது என்று சென்சாருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான், முதல் சந்தேகம்.

முதல் வேலைக்கு ஸ்பேனரே வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் ஏ.பி.எஸ் (பிரேக்) மாட்யூலுக்குள் போய், ஸ்டீயரிங் கோணத்தை கிராஃபாக வையுங்கள். ஒரு லாக்கிலிருந்து (ஸ்டீயரிங் முழுதாக ஒடிந்து நிற்கும் இடம்) மறு லாக் வரை மெதுவாகத் திருப்புங்கள். கோடு வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். 118, 120 என்று வந்து சட்டென 0 காட்டி 126-க்குத் தாவினால், நிறுத்தி, திரும்ப அதே இடத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் தாவினால் சென்சாருக்குள்தான் கோளாறு. உள்ளே இருக்கும் பல்சக்கரமோ துளைத்தட்டோ அந்த இடத்தில் பழுது. இடம் மாறி மாறித் தாவினால் வயரிங். ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்கும் டில்ட் வசதி உள்ள வண்டியில் ஸ்டீயரிங் தண்டை ஏற்றி இறக்கியும் பாருங்கள். சென்சாருக்குப் போகும் வயர்க்கட்டு தண்டோடு சேர்ந்து மடங்கி மடங்கி உள்ளே அறுவது உண்டு.

அடுத்து நேரான சாலையில் ஓட்டிப் பாருங்கள். வண்டி நேராகப் போகும்போது கோணம் 0-வை ஒட்டியே நிற்க வேண்டும். 9, 10 டிகிரி என்று நின்றால் அலைன்மென்டில் டை ராடை (முன்சக்கரத்தின் திசையைச் சரிசெய்யும் கம்பி) திருப்பியவர்கள் சென்சாரை ஜீரோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இ.எஸ்.சி அந்தக் கோணத்தை யா ரேட் சென்சாரோடும் (வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்வது) சக்கர வேகங்களோடும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு இடிக்கும்போது விளக்கைப் போடும். இந்தத் தவறு ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் தெரிவதும் உண்டு. உங்கள் வண்டியில் அலைன்மென்டுக்குப் பிறகு தொடங்கியதால் இதை நான் முதலில் சந்தேகிப்பேன்.

வயரிங் பக்கம் போனால், பெரும்பாலான வண்டிகளில் சென்சாருக்கு 12 வோல்ட், எர்த், கேன்-ஹை, கேன்-லோ என்று நான்கு வயர். ஸ்டீயரிங் தண்டின் கவரைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிக் குறைந்தது 3 நிமிடம் பொறுங்கள். மேனுவல் கூடுதலாகச் சொன்னால் அதுவே கணக்கு. மஞ்சள் கனெக்டர் ஏர்பேகுடையது. அதில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது.

நிறைய பேர் சறுக்கும் இடம் மின்சாரச் சோதனை. மல்டிமீட்டர் இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு என்பதால், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் 12 வோல்ட் காட்டும். அதனால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியைத் திரும்ப மாட்டி, இக்னிஷன் ஆனில், கனெக்டரின் 12 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் 5 வாட் பல்பை வையுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். கேன் வயரில் பல்பை மறந்தும் வைக்காதீர்கள்.

கேனுக்கு, பேட்டரியைக் கழற்றிய நிலையில் இரு வயருக்கும் இடையே பொதுவாக 60 ஓம் வரும். 120 என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. 0-வை ஒட்டி வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இக்னிஷன் ஆனில் ஹை 2.6, லோ 2.4 வோல்ட் அளவில் இருக்கும்.

அளக்கும்போது மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கனெக்டரின் வாய்க்குள் குத்தாதீர்கள். பெண் பின் விரிந்துவிடும். பிறகு இல்லாத கோளாறு ஒன்று சேர்ந்துவிடும். மெல்லிய ஊசியைப் பின்புறமாக வயரை ஒட்டி நுழையுங்கள். ஒவ்வொரு பின்னிலும் அதே அளவுள்ள ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள்: லேசாகப் பிடித்து விட வேண்டும். பிடிப்பே இல்லாமல் வந்தால், அல்லது பச்சை பூத்திருந்தால், கோளாறு கையில் கிடைத்துவிட்டது.

ஹார்னும் வேலை செய்யவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் கிளாக் ஸ்பிரிங்கின் (திரும்பும் ஸ்டீயரிங் வீலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள்) நாடா அறுந்திருக்கலாம். ஸ்டீயரிங் வீலைக் கழற்றியவர்கள் அதை நடுவில் நிறுத்தாமல் மாட்டினால், ஒரு பக்கம் முழுதாக ஒடிக்கும்போது நாடா இழுபட்டு அறும். பல வண்டிகளில் சென்சாரும் அதுவும் ஒரே அசெம்பிளி.

எதைச் சரிசெய்தாலும் வரிசை மாறக்கூடாது: டயர் காற்று, ஸ்டீயரிங் வீலை நேராக வைத்து அலைன்மென்ட், அதன் பிறகுதான் ஸ்கேனரில் ஜீரோ காலிபரேஷன். ஸ்டீயரிங் வீல் கோணலாக இருக்கும்போது ஜீரோ செய்தால் தவறான கோணமே மனப்பாடமாகிவிடும். புது சென்சார் மாட்டினாலும் இந்த ஜீரோ வேலை உண்டு. அதுவரை இ.எஸ்.சி பெரும்பாலும் அணைந்தே இருக்கும். மழைச் சாலையில் வளைவுகளில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.