சமூசாக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நாங்கள் டர்பனில் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் கிரேடு. பத்தாம் கிரேடுக்கான பாடங்களைக் குறித்துத் தரச் சொல்லிப் பள்ளியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. பிசினஸ் ஸ்டடீஸ், கன்ஸ்யூமர் ஸ்டடீஸ், டூரிசம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, கணிதத்தை விட்டுவிட்டு, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசிக்குப் போகிறேன் என்கிறாள். வியாபாரம் செய்யப் போகிறவளுக்கு அல்ஜீப்ரா எதற்கு என்று கேட்கிறாள். பள்ளிச் சந்தை நாளில் இரண்டு தோழிகளோடு சமூசா விற்று 220 ரேண்ட் லாபம் பார்த்த தைரியம் அது. முதல் நாள் மாலை மூவரும் நாலு மணி நேரம் உட்கார்ந்து மடித்தார்கள். 120 போட்டதில் 14 எண்ணெயில் வெடித்துவிட்டன. என் அக்காவோ, இவையெல்லாம் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பாடங்கள் என்கிறார். யார் சொல்வது சரி? மகள் எழுதிய கணக்கையும் அனுப்பியிருக்கிறேன்.

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

அக்காவுக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் மகளின் கணக்குத்தாள். விற்றது 106, விலை 5 ரேண்ட், வரவு 530. கொத்துக்கறி, வெங்காயம், புர் பட்டை (சமூசா மடிக்கும் மாவுத் தாள்) வாங்கிய செலவு 310. மிச்சம் 220. கழித்தலில் பிழை இல்லை. எழுதாமல் விட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெயும் மசாலாவும் உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து போயிருக்கும். அடுப்பு உங்கள் மின்சாரத்தில் எரிந்திருக்கும். காகிதப் பையை யாராவது சும்மா கொடுத்திருப்பார்கள். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் 100 ரேண்டுக்குக் குறையாது. அப்புறம் கூலி. மூன்று பேர், நாலு மணி நேரம் என்றால் 12 மணி நேர உழைப்பு. 2025 மார்ச்சில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 28.79 ரேண்டை வைத்தாலே 345.48 ஆகிறது. மொத்தச் செலவு 755.48. ஆக, 220 லாபம் என்று எழுதிய இடத்தில் 225 நஷ்டம் நிற்கிறது.

இதை மகளைக் குறை சொல்ல எழுதவில்லை. பெரும்பாலான பள்ளிச் சந்தை நாள்கள் இப்படித்தான் முடிகின்றன. விற்பதைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடக்கவிலையைக் கற்றுக்கொடுக்காமல் கைதட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

அடக்கவிலையை எந்த எண்ணால் வகுப்பது என்பதும் முக்கியம். 120-ஆல் வகுத்தால் ஒன்று 6.30 ரேண்ட், 106-ஆல் வகுத்தால் 7.13. இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் வெடித்த 14-க்கும் கறி வாங்கியாயிற்று, அவற்றின் விலையை விற்றவைதான் சுமக்கவேண்டும். சரி, ஏன் வெடித்தன? கறியை ஈரம் சுண்டும்வரை வதக்காமலோ, சூடு ஆறுவதற்குள்ளோ உள்ளே வைத்திருப்பார்கள். ஆவி பட்டையை இளக்கிவிடும். மூலையில் மாவுப் பசை ஒழுங்காக ஒட்டாமல் ஊசித்துளை விழுந்திருந்தால் எண்ணெயில் போட்டதும் அங்கேதான் பிளக்கும். பிளவு வழியே கறி சிந்தி எண்ணெய் கருகும். அடுத்த ஈடும் கெடும். எண்ணெய் 180 டிகிரிக்கு வெகு கீழே இருந்தால் வெடிக்காது, ஆனால் எண்ணெயைக் குடிக்கும். இது கன்ஸ்யூமர் ஸ்டடீஸ் சமையலறையில் படிக்கும் விஷயம். அது கணக்குத்தாளில் 83 காசாக வந்து உட்காருகிறது பாருங்கள்.

கூலிக்கும் வழி இருக்கிறது. ஒருத்தி மணிக்குப் பத்து சமூசா என்பது மிக மெதுவான வேகம். மூவரும் எல்லா வேலையையும் செய்யாமல், ஒருத்தி கறி வைக்க, ஒருத்தி மடிக்க, ஒருத்தி பசை தடவி ஒட்ட என்று பிரித்துக்கொண்டால் நேரம் கணிசமாகக் குறையும். கறியின் அளவைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். வாங்குகிறவருக்கு முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது பாடங்கள். மூலப்பொருள், நேரடிக் கூலி, உற்பத்தி மேல்செலவு என்று மேலே பிரித்தேனே, அது அக்கவுண்டிங் பாடத்தின் பகுதி. மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வில், அதன் இரண்டாம் தாளில் வரும். மகளின் பட்டியலில் இல்லாதது அதுதான். டூரிசத்தை விட்டுவிட்டு அக்கவுண்டிங் போடச் சொல்வேன். பிசினஸ் ஸ்டடீஸ் கணக்குப் பாடம் அல்ல: சட்டங்கள், சந்தைப்படுத்தல், நிர்வாகம். இரண்டு தாள், ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், அதில் 40 ஒரு கட்டுரைக்கு. கட்டுரையில் 32 உள்ளடக்கத்துக்கு, 8 அமைப்புக்கும் சொந்த உதாரணங்களுக்கும். மனப்பாடம் செய்து புள்ளி புள்ளியாக எழுதித் தள்ளும் பிள்ளைகள் அந்த எட்டைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

அல்ஜீப்ரா எதற்கு என்றால்: கடை வாடகை 150 ரேண்ட், ஒரு சமூசாவுக்குப் பொருள் செலவு 3.50, விலை 6. ஒவ்வொன்றிலும் 2.50 மிஞ்சுகிறது. 150-ஐ அதால் வகுத்தால் 60. அறுபதாவது சமூசா போகும்வரை கையில் ஒன்றும் நிற்காது. மேத்ஸ் லிட்டரசியிலும் இது வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி, கடன் வட்டி, கட்டண விகிதம் எல்லாம் அதில் உண்டு. கேவலமான பாடம் அல்ல. ஆனால் அதை வைத்துக்கொண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பு, பொறியியல் பக்கம் போக முடியாது. கணிதத்திலிருந்து லிட்டரசிக்கு இறங்குவது எளிது, திரும்ப ஏறுவது மிகக் கடினம். ஆகவே பத்தில் கணிதத்தோடு தொடங்கட்டும்.

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்து 230 ரேண்ட் என்ற ரசீதில் வரி எவ்வளவு என்று கேளுங்கள். 34.50 என்றால் 230-க்கே 15 சதவீதம் போட்டிருக்கிறாள். 15-ஐ 115-ஆல் வகுத்து, அதால் 230-ஐப் பெருக்கவேண்டும், விடை 30.

அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி டர்பனில் 1946-ல் வந்ததே, நம்மவர்களுக்குத் தொழிற்கல்வி கிடைக்க வேறு வாசல் இல்லாததால்தான். அதற்குப் பணம் கொடுத்த சுல்தான் ஒப்பந்தக் கூலியாக வந்து இறங்கியவர். கல்லூரி 2002-ல் டெக்னிகான் நாட்டால் என்ற இன்னொரு தொழில்நுட்ப நிறுவனத்தோடு இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. படிப்பு ஏறாதவர்களுக்காகக் கட்டியது அல்ல.

அக்கா சொல்வதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது: வசதியில்லாத பள்ளியில் இந்தப் பாடங்கள் வெறும் நோட்டுப் புத்தகமாகிவிடும். கன்ஸ்யூமர் ஸ்டடீஸில் மெட்ரிக் மதிப்பெண்ணில் கால்பங்கு செய்முறைத் திட்டத்துக்கு. எலக்ட்ரிக்கல் டெக்னாலஜி போன்றவற்றிலும் அப்படியே. அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பள்ளிக்குப் போய்ச் சமையலறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை அடுப்பு வேலை செய்கிறது, ஓர் அடுப்புக்கு எத்தனை பிள்ளைகள், பொருளுக்குப் பணம் பள்ளியா பெற்றோரா, செய்முறை எந்தத் தவணையில் தொடங்குகிறது என்று கேளுங்கள். மூன்றாம் தவணையில் என்று சொன்னால் அவசரத்தில் ஆசிரியரே பாதி செய்து முடிப்பார் என்று பொருள்.

மெட்ரிக் முடித்தபின் டிவெட் கல்லூரிக்கு (தொழிற்கல்விக் கல்லூரி) போனால் வணிகப் பிரிவில் என்4 முதல் என்6 வரையிலான படிநிலைகளுக்கு 18 மாதம். பட்டயம் கையில் வர இன்னும் 18 மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சி முடிக்கவேண்டும். அந்த இடம் கிடைக்காமல் என்6 சான்றிதழோடு நிற்பவர்கள் நிறையப் பேர். பயிற்சி இடத்தைக் கல்லூரி தேடித் தருகிறதா, போன ஆண்டு எத்தனை பேருக்குத் தந்தது என்று சேர்க்கைக் கட்டணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.