நிலத்தை அடகு வைக்கும் முன்

அண்ணே, நேற்று நீங்களும் அண்ணியும் மன்னார்குடியிலிருந்து வந்து பையனின் மேற்படிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்கள். பையன் வாயே திறக்கவில்லை. வாசலில் இருந்த எவர்சில்வர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போதுதான் கேட்டான்: "சார், பத்தவச்ச இடத்துல மட்டும் ஏன் துரு வருது?"

கவலைப்படாதீர்கள் என்று நேற்று சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். மைத்துனர் சொல்கிறார் என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தை அடகு வைப்பது தவறு. அவனுக்கு அதில் விருப்பமும் இல்லை. மற்ற படிப்புகளைப் பற்றி ஊரே சொல்லும். அவன் கேட்ட கேள்விக்குள் இருக்கும் தொழிலை நான் சொல்கிறேன்.

இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அது எவர்சில்வர். அந்தக் குரோமியம் காற்றுப் பட்டு கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படியும். கீறினாலும் தானே வளர்ந்துவிடும். பற்றவைக்கும் சூட்டில் அந்தத் தோல் கெடும். அமிலம் போட்டுச் சுத்தம் செய்யாமல் விட்டால் துரு பிடிக்கும். தடித்த தகட்டில் இன்னொரு சிக்கல்: 450 முதல் 850 டிகிரி சூட்டில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து ஒட்டுக்குப் பக்கத்தில் குறைந்துபோகும். அதனால்தான் கார்பன் குறைந்த 304எல், 316எல் என்ற எவர்சில்வர் வகைகள் இருக்கின்றன. நாகப்பட்டினம் உப்புக்காற்றுக்கு 304 போதாது, மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 வேண்டும். பால் பண்ணைத் தொட்டி, மருந்துக் கம்பெனிக் குழாய் எல்லாவற்றிலும் உள்பக்கம் கறுக்காமல் ஆர்கான் வாயு விட்டு டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் மின்பொறி விட்டுப் பற்றவைக்கும் முறை) செய்ய வேண்டும். கை நடுங்காத, காரணமும் தெரிந்த ஆள் வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரே வருடம், கல்விக் கட்டணம் இல்லை. அப்புறம் டிக் பழக வேண்டும். திருச்சி பெல் வளாகத்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சியும் தேர்வும் உண்டு. 6ஜி என்ற வெல்டிங் தேர்வில் குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டியிருப்பார்கள்; சுற்றிலும் இவன்தான் வளைந்து பற்றவைக்க வேண்டும். அதில் தேறுவது லேசில்லை, ஆனால் தேறியவனைத் தேடி வேலை வரும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எவர்சில்வரைப் பற்றவைக்கும் புகையில் நுரையீரலைக் கெடுக்கும் குரோமியம் உண்டு. முகமூடியும் புகை உறிஞ்சியும் இல்லாத பட்டறைக்கு அவனை ஒரு நாள்கூட அனுப்பாதீர்கள்.

அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். தெரிந்த நல்ல பட்டறை ஒன்றில் அவனை நான்கு நாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை அவனை மட்டும் என்னிடம் அனுப்புங்கள், மதிப்பெண் சான்றிதழோடு.