தேடல் முடிவுகளிலிருந்து தொடர்பு எண்களைத் திரட்டுவது பற்றி: கேள்வி பதில்

வடசென்னை வியாபாரிகள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு, தண்டையார்பேட்டையில் இருந்து பல ஆண்டுகளாக இவ்வகை நிரல்களை எழுதிவருபவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

மண்ணடி, இரும்புச் சாமான் வியாபாரி: ஐயா, அம்பத்தூர்ப் பட்டறைகளைக் கூகுளில் தேடி, என் மகன் ஒவ்வொரு எண்ணாக நோட்டில் எழுதுகிறான். இதைத் தானாகச் செய்ய வழி உண்டா?

உண்டு. ஆனால் தேடல் பக்கத்தையே நிரலைக் கொண்டு உருவ வேண்டாம். நிரல்கள் எந்தப் பக்கங்களைத் தொடக்கூடாது என்று சொல்லும் கூகுளின் ரோபாட்ஸ் கோப்பே அதைத் தடுக்கிறது. மீறினால், சிறிது நேரத்தில் 'நீங்கள் மனிதர்தானா' என்ற சோதனை வந்து நிற்கும். கட்டணம் செலுத்திப் பெறும் தேடல் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகக் கேட்டுத் தரவு பெறும் சேவை) ஒன்றின் வழியாகத் தளங்களின் முகவரிகளை மட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு தளத்தின் 'தொடர்புக்கு' பக்கத்தைப் பைத்தான் நிரலால் படிக்கச் செய்யுங்கள். கைப்பேசியில் தொட்டால் அழைப்புப் போகும்படி அமைத்த இணைப்புகளில் 'டெல்' என்றும், மின்னஞ்சல் இணைப்புகளில் 'மெயில்டு' என்றும் முன்னொட்டு இருக்கும். முதலில் அவற்றைத் தேடுவதே பிழை குறைந்த வழி.

பழைய வண்ணாரப்பேட்டை, துணிக்கடை: நிரல் எழுதிக் கொடுத்தவர் 3000 எண்கள் தந்தார். அழைத்துப் பார்த்தால் பாதி எண்கள் உபயோகமில்லை. எங்கே தவறு?

பத்து இலக்கம் தொடர்ந்து வந்தால் அது கைப்பேசி எண் என்று நிரலுக்குச் சொல்லியிருப்பார். உணவுக் கடைகளின் தளத்தில் அடியில் அச்சிடப்படும் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் கொண்டது. எல்லை குறிக்காத நிரல் அதிலிருந்து பத்தை வெட்டி எடுத்துவிடும். வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே கதிதான். நம் நாட்டுக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும் என்பதையும், முன்னும் பின்னும் வேறு இலக்கம் ஒட்டியிருக்கக்கூடாது என்பதையும் விதியாகச் சேர்த்தாலே குப்பை பெருமளவு குறையும். மின்னஞ்சல் பட்டியலில் படக்கோப்புகளின் பெயர்கள் புகுவதும் வழக்கம். '@2எக்ஸ்' என்று முடியும் லோகோ படத்தை முகவரி என்று நம்பி, அதற்குக் கடிதம் அனுப்பியவன் நான்.

எக்செல்லையும் கவனியுங்கள். 044 என்று தொடங்கும் தரைவழி எண்ணின் முதல் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். 91 சேர்த்த எண்ணை '9.19இ+11' என்பது போலக் காட்டும். எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என மாற்றிவிட வேண்டும்.

காசிமேடு, ஐஸ் விற்பனை: கூகுள் மேப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

அவர்களின் நிபந்தனைகள் அதை அனுமதிப்பதில்லை. இடத்துக்கான அடையாளக் குறியீட்டை மட்டும் காலவரையின்றிச் சேமிக்கலாம்.

பெரம்பூர், கல்லூரி மாணவர்: அண்ணா, என் நிரலுக்கு 429 என்ற பதிலே வருகிறது.

'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்பது அதன் பொருள், தம்பி. ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே சில நொடிகள் விடுங்கள். 'இத்தனை நொடி கழித்து வா' என்று பதிலிலேயே இருந்தால் அதை மதியுங்கள். தொடக்க காலத்தில் நான் இடைவெளியே விடாமல் ஓட்டியதில், பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் மலிவான வழங்கியில் (சர்வரில்) இருந்த ஒரு சிறு கடையின் தளம் மதியம் முழுவதும் படுத்துவிட்டது. உரிமையாளரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

திருவொற்றியூர், தண்ணீர் கேன் முகவர்: திரட்டிய எல்லா எண்களுக்கும் ஒரே நேரத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினால் சட்டப்படி தவறா?

திரட்டுவது வேறு, அனுப்புவது வேறு. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தன் விவரத்துக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால், வேறொருவர் அவருடைய எண்ணை எடுத்துப் போட்ட பட்டியலுக்கு அந்த விலக்கு கிடையாது. விளம்பரச் செய்திக்கோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தனியே உள்ளன: அனுப்புபவர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவேட்டு முறையில் பதிவு செய்திருக்க வேண்டும், 1909இல் தொந்தரவு வேண்டாம் என்று பதிந்தவர்களை விட்டுவிட வேண்டும். உங்கள் தொழிலுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அலுவலகங்களாகப் பார்த்து அறுபது எண்களைத் தேர்ந்தெடுத்து, நீங்களே அழைத்துப் பேசுவதுதான் என் யோசனை. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதற்கும் பட்டியலில் ஒரு நெடுவரிசை வையுங்கள், 'என் எண் எப்படிக் கிடைத்தது' என்றுதான் முதலில் கேட்பார்கள்.