அப்புறம் என்ன ஆச்சு?

வணக்கம் அம்மா,

பள்ளிப் படிப்பு முடிந்து எட்டு மாதம் ஆகிறது. கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். ‘இப்போதே நெட்வொர்க்கிங் ஆரம்பித்துவிடு, கடைசி வருஷத்தில் ஓடி அலையாதே’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் கணக்கு தொடங்கி நானூறு பேரைச் சேர்த்திருக்கிறேன். அதில் அறுபது பேருக்கு ஒரு மாதிரி வாசகத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். மூன்று பேர்தான் பதில் போட்டார்கள். எனக்குக் கூச்சம் அதிகம். யாரிடமாவது பேசப் போனாலே காரியத்துக்காகப் போகிறோமோ என்று குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது. பள்ளித் தோழிகளோடு பேச்சு குறைந்துவிட்டது, நான் மாறிவிட்டேன் என்கிறார்கள். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து சுயமுன்னேற்ற நூல்கள் படிக்கிறேன், பெரிதாக ஒன்றும் வளர்ந்த மாதிரி தெரியவில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதிய கட்டுரையைத் தோழி ஒருத்தியின் அக்கா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார், இடமும் கிடைத்தது. அது வேறு விஷயம். பொதுவாக, இந்த வயதில் தொடர்புகளை வளர்த்துக்கொள்வது எப்படி?

வ.

அன்புள்ள வ.,

உன்னை ‘நீ’ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. உன் கடிதம் வந்த வாரம்தான் என் பழைய கடிதக் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கெல்லாம் நான் பதில் எழுதாமல் விட்டேன் என்று ஒரு வாரமாக மனசு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உன் கடிதம். அதில் நீ கேட்ட கேள்வியைவிட, கேட்காமல் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு வருகிறேன்.

ஐந்து மணிக்கு எழுவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தூக்கம் போதவில்லை என்றால் ஆறரைக்கு எழு. தோழிகள் விஷயத்திலும் நீ இவ்வளவு கலங்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததால் வந்த நட்பு, இடம் மாறியதும் கொஞ்சம் தளரத்தான் செய்யும். அவர்களும் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை நீயாகக் கூப்பிட்டுப் பேசு. நிற்கிற நட்பு நிற்கும்.

அந்த அறுபது செய்திகளுக்குத்தான் உன்னைத் திட்ட வேண்டும். முகம் தெரியாத ஒருவர் தன் வேலைக்கு நடுவே உனக்காகப் பத்து நிமிஷம் ஒதுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய். அவர் என்ன செய்கிறார் என்று படித்துப் பார்க்க நீ பத்து நிமிஷம் ஒதுக்கவில்லை. அப்படியும் மூன்று பேர் பதில் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு நல்ல மனசு வேண்டும் அதற்கு! அவர்கள் என்ன எழுதினார்கள்? நீ திரும்ப என்ன எழுதினாய்? உன் கடிதத்தில் அது இல்லை. அறுபதில் மூன்று என்ற கணக்கு மட்டும் இருக்கிறது.

உன் வயதில் ஒரு பெண் எப்படி எழுதினார் என்று சொல்கிறேன். சோஃபி ஜெர்மேன், 1776-இல் பாரிஸில் பிறந்தவர். 1794-இல் அங்கே எக்கோல் பாலிடெக்னிக் என்ற உயர்கல்விக் கூடம் தொடங்கப்பட்டபோது அவருக்குப் பதினெட்டு வயது. பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. விரிவுரைக் குறிப்புகளை வாங்கிப் படித்தார். லெ பிளாங்க் என்ற மாணவனின் பெயரில், தன் கணக்குகளை எழுதி லக்ராஞ்சுக்கு அனுப்பினார். லக்ராஞ்ச் அந்தக் காலத்தின் பெரிய கணித மேதைகளில் ஒருவர். அவர் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, இதை எழுதிய மாணவனைப் பார்க்க வேண்டும் என்றார். பெண் என்று தெரிந்த பிறகும் ஆதரவாகவே இருந்தார். 1804-இல் அதே பெயரில் ஜெர்மேன், ஜெர்மானியக் கணித மேதை காஸுக்கு எழுதினார். அங்கேயும் கையில் வைத்திருந்தது சொந்தமாக யோசித்துப் போட்ட கணக்குதான். அவருக்கும் கூச்சம் இருந்திருக்கும், பயமும் இருந்திருக்கும். இல்லாவிட்டால் ஆண் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. 1806-இல் நெப்போலியனின் படை காஸ் இருந்த பிரவுன்ஷ்வைக் நகரத்தைப் பிடித்தது. காஸுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஜெர்மேனுக்குப் பதற்றம். குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு தளபதி அந்தப் படையில் இருந்தார். அவரிடம் சொல்லி, காஸ் நலமாக இருக்கிறாரா என்று பார்த்துவர ஆள் அனுப்ப வைத்தார். ஜெர்மேன் என்ற பெயரைக் கேட்டதும் காஸுக்கு ஒன்றும் புரியவில்லை, அப்படி யாரையும் அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம்தான், 1807-இல், லெ பிளாங்க் நான்தான் என்று எழுதினார் ஜெர்மேன். காஸ் வியந்து பாராட்டி எழுதிய பதில் கணித வரலாற்றில் புகழ்பெற்றது. பெரிய இடத்தில் இருந்த ஒருவரை அந்தப் பெண் எதற்குப் பயன்படுத்தினார் என்று பார். எனக்கு ஒரு பதவி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். காரியத்துக்காகப் போகிறோமோ என்ற உன் உறுத்தலுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். ‘அது வேறு விஷயம்’ என்று எழுதியிருக்கிறாய். அம்மா, அதுதான் விஷயமே.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றைக்கும் பேசப்படுகிறது. பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில், புதிதாக வேலை மாறியவர்களை அவர் பேட்டி கண்டார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக, அதாவது வருஷத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம். காரணத்தை நீயே ஊகிக்கலாம். உன் நெருங்கிய தோழிக்குத் தெரிந்தது பெரும்பாலும் உனக்கும் தெரிந்திருக்கும். அவளுடைய அக்கா பார்க்கிற மனிதர்கள் வேறு, கேள்விப்படுகிற செய்திகள் வேறு. அதற்காக நானூறு பேரைச் சேர்த்துவைத்தால் ஆயிற்று என்று எடுத்துக்கொள்ளாதே. லிங்க்ட்இனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு செய்த ஒரு பெரிய ஆய்வு 2022-இல் சயின்ஸ் இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியவர்கள் மிக நெருங்கியவர்களும் இல்லை, பேருக்குச் சேர்ந்திருந்தவர்களும் இல்லை. நடுவில், ஓரளவு தெரிந்தவர்கள். தோழியின் அக்கா மாதிரி.

உனக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர் அவர். இடம் கிடைத்ததை அவரிடம் சொன்னாயா? நீ எழுதவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். தங்கை மூலமாகத் தெரிந்திருக்கும் என்று விட்டிருப்பாய். நானும் அப்படித்தான் விட்டேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. நான் படித்த கல்லூரியில் ஒரு நூலகர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் எடுத்துப்போகிற புத்தகங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் கூப்பிட்டு, “உனக்குப் பிழை கண்ணில் படுது, நீ ஓரத்துல பென்சில்ல திருத்தி வைக்கறதைப் பார்த்தேன்” என்றார். நூலகப் புத்தகத்தில் கிறுக்கியதற்குத் திட்டப்போகிறார் என்று நடுங்கினேன். அவர் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார், ஒரு பக்கம், மசியில். என்னைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதியிருந்தார். போனேன். மெய்ப்புத் திருத்துகிற வேலை, வாரம் மூன்று மாலை. அந்த மேஜையில்தான் நான் எழுதக் கற்றுக்கொண்டேன்.

நூலகரிடம் சொல்லவில்லை. முதல் வாரம் வேலை புதுசு, நேரம் இல்லை. இரண்டாம் வாரம், சும்மா போய்ச் சொன்னால் போதாது, என் பெயர் அச்சில் வந்ததும் இதழோடு போகலாம் என்று நினைத்தேன். பெயர் வர ஒரு வருஷம் ஆனது. அதற்குள் இவ்வளவு நாள் கழித்து எப்படிப் போவது என்ற வெட்கம். அப்புறம் படிப்பு முடிந்துவிட்டது.

பதினோரு வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பெயர் சொல்வதற்குள் அவரே கேட்டார்: “அந்த ஆசிரியரைப் போய்ப் பார்த்தியாம்மா? அப்புறம் என்ன ஆச்சு?”

பதினோரு வருஷம் அந்தக் கேள்வி அவரிடம் அப்படியே இருந்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. பிறகு, கோபமே இல்லாமல், ஒன்று சொன்னார். “நீ திரும்பி வரலையா, என் கடிதத்தால உனக்கு ஏதோ சங்கடம் ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மூணு பொண்ணுங்களுக்கு எழுதித் தரலாம்னு தோணிச்சு. எழுதலை.”

அந்த இரண்டு மூன்று பெண்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கடிதம் என்னால் எழுதப்படாமல் போனது. நான் நன்றி கெட்டவள் இல்லை, தினமும் அவரை நினைத்தேன். நினைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? உதவி செய்தவருக்கு நம் நன்றியைவிட முக்கியமான ஒன்று தேவைப்படுகிறது. தான் செய்தது பலித்ததா என்று தெரிய வேண்டும். பலிக்கவில்லை என்றால் அதுவும் தெரிய வேண்டும். அப்போதுதான் அடுத்த பெண்ணுக்கு எதை மாற்றிச் செய்யலாம் என்று அவரால் யோசிக்க முடியும். உன் மாதிரி வாசகங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் கேட்பது எப்படி என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள். போய்ச் சொல்வது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

கூச்சம் என்கிறாய். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், இதைப் படிப்பவர் என்ன நினைப்பார் என்று கேட்டார்கள். பிறகு படித்தவர்களிடமே கேட்டார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் பயந்த அளவுக்கு யாருக்கும் சங்கடம் இல்லை. அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் படித்தவர்களுக்கு மகிழ்ச்சி அதிகமாக இருந்தது. வார்த்தை சரியாக வரவில்லையே என்று எழுதுகிறவர்தான் தவிக்கிறார். படிக்கிறவர் அன்பைப் பார்க்கிறார்.

அதனால் புதிதாக அறுபது பேரைத் தேடாதே. முதலில் அந்த அக்காவுக்கு எழுது. ‘நன்றி அக்கா’ என்று இரண்டு வார்த்தையில் முடிக்காதே. அவர் எந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார், அது ஏன் சரி என்று உனக்கு எப்போது புரிந்தது, இப்போது எந்தப் பாடம் பிடிக்கிறது, எது தலையில் ஏறவில்லை, எல்லாம் எழுது. எட்டு மாதத் தாமதத்துக்கு ஒரு வரி மன்னிப்பு போதும், அழுதுகொண்டிருக்காதே. கடைசியில் இன்டர்ன்ஷிப் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதே, கடிதம் முழுக்கக் கெட்டுப்போகும். அப்புறம் அந்த மூன்று பேர். அவர்கள் சொன்ன ஒரு யோசனையையாவது செய்து பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று தனித்தனியாக எழுது.

அக்காவிடமிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி போடு.