மெர்கல் பாஸா, ஃபெயிலா?

ஜெர்மனிக்கு நான் வேலைக்கு வந்தது 2009-இல். உயரழுத்த மின்தடங்களைத் திட்டமிடும் வேலை. அன்றிலிருந்து 2021 டிசம்பர் வரை நாட்டின் சான்ஸ்லர், நம் ஊர்க் கணக்கில் பிரதமர், ஏங்கலா மெர்கல் ஒருவர்தான். அவர் எடுத்த முடிவுகளில் பாதி என் மேசைக்கு வந்தன, மீதி என் வீட்டு கரண்ட் பில்லுக்கு வந்தன. பருவநிலை, மின்சாரம் இரண்டிலும் அவர் செய்ததையும் செய்யாததையும் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மதுரை): சார், மெர்கலுக்கு ‘பருவநிலை சான்ஸ்லர்’ என்று ஒரு பட்டம் உண்டாமே. தகுதிக்குக் கிடைத்ததா, கட்சிக்காரர்கள் கொடுத்ததா?

பதில்: பத்திரிகைகள் கொடுத்தது. 2007 அவருக்கு நல்ல வருஷம். மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழல் தலைமை ஜெர்மனியிடம் இருந்தது. 2020-க்குள் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை 20 சதவீதம் குறைப்பது, புதுப்பிக்கத்தக்க ஆற்றலை 20 சதவீதத்துக்குக் கொண்டுவருவது என்று எல்லா உறுப்பு நாடுகளையும் சம்மதிக்க வைத்தார். ஜூனில் ஹைலிகெண்டாம் ஜி-8 மாநாட்டில், வெளியேற்றத்தைக் குறைக்கச் சொன்ன கியோட்டோ ஒப்பந்தத்தை ஒதுக்கித் தள்ளியிருந்த ஜார்ஜ் புஷ்ஷை ஐ.நா. பேச்சுவார்த்தைக்குத் தலையாட்ட வைத்தார். ஆகஸ்டில் கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் சிவப்பு ஜாக்கெட்டோடு பனிப்பாறை முன்னால் நின்ற படம் வந்தது. பட்டம் ஒட்டிக்கொண்டது.

எனக்கு அதைவிட 1995 முக்கியம். அப்போது அவர் சான்ஸ்லர் ஹெல்முட் கோலின் அமைச்சரவையில் சுற்றுச்சூழல் அமைச்சர், வயது 40. ஐ.நா. பருவநிலை ஒப்பந்த நாடுகளின் முதல் மாநாடு பெர்லினில் நடந்தது, தலைமை இவர். பணக்கார நாடுகள் ஒரு பக்கம், வளரும் நாடுகள் மறுபக்கம். ராத்திரியெல்லாம் இரண்டு தரப்பிடமும் மாறி மாறிப் போய்ப் பேசி ‘பெர்லின் ஆணை’யை முடித்துக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து வந்த கியோட்டோ ஒப்பந்தத்துக்கு அதுதான் வழி போட்டது. இயற்பியல் படித்து, குவாண்டம் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கரியமில வாயு என்ன செய்யும் என்று யாரும் அவருக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. என் ஆதங்கமே அதுதான். தெரியாமல் கோட்டைவிட்டவர்மேல் கோபப்பட முடியாது. இவருக்கு எல்லாம் தெரியும்.

கேள்வி (சென்னை): காற்றாலை, சோலார் இரண்டிலும் ஜெர்மனி முன்னுக்கு வந்தது அவர் சாதனைதானே?

பதில்: நாற்று நட்டது வேறு ஆள். 2000-இல் அன்றைய சான்ஸ்லர் ஷ்ரோடரின் சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்து கொண்டுவந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் அது. அப்போது கூரையில் சோலார் போட்டால் யூனிட்டுக்கு 99 பென்னிக், அதாவது சுமார் 50 யூரோ சென்ட் கிடைக்கும். 20 வருஷத்துக்கு அந்த விலை மாறாது. வங்கி கண்ணை மூடிக்கொண்டு கடன் தரும். மெர்கலின் கட்சி அன்று அதை எதிர்த்து ஓட்டுப் போட்டது. ஆனால் 2005-இல் ஆட்சிக்கு வந்தபின் அவர் அதை ரத்து செய்யவில்லை. நம் ஊர் வழக்கப்படி பார்த்தால் முந்தைய ஆட்சியின் திட்டத்தை மூட்டை கட்டாமல் வைத்ததே பெரிய விஷயம்! மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்கவற்றின் பங்கு அப்போது சுமார் 10 சதவீதம், 2020-இல் சுமார் 45.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2010, 2011, 2012 மூன்று வருஷமும் தலா 7,000 மெகாவாட்டுக்கு மேல் சோலார் ஏறியது. தகடு விலை சரிந்த வேகத்துக்கு அரசு விலை இறங்கவில்லை என்பது உண்மைதான், வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டிய வெட்டில், கூடவே 52,000 மெகாவாட் உச்சவரம்பும் வைத்ததில், 2014-இல் புதிதாக ஏறியது 2,000-க்கும் கீழே. சீனப் போட்டியும் சேர்ந்து, ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய சோலார் செல் தயாரிப்பாளராக இருந்த கியூ-செல்ஸ் 2012-இல் திவால். காற்றாலைக்கும் அதே கதி. தரைக் காற்றாலை 2017-இல் 5,000 மெகாவாட்டுக்கு மேல், 2019-இல் ஏறக்குறைய 1,000. ஏலமுறை மாற்றம், அனுமதி இழுபறி, பவேரியாவில் காற்றாலையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கு வீடு இருக்கக்கூடாது என்ற விதி எல்லாம் சேர்ந்த பலன்.

என் வேலை சம்பந்தப்பட்டது என்பதால் இன்னொன்று. காற்று வீசுவது வடக்கே, தொழிற்சாலைகள் தெற்கே. நடுவில் கம்பி வேண்டும். ஒரு கிராமத்தின் தீயணைப்புக் கொட்டகையில் வரைபடத்தை விரித்துவைத்து நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தோம். பெரியவர் ஒருவர் கிட்டே வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கோட்டின்மேல் விரலை வைத்தார். “இது என் பசு நிற்கிற இடம்” என்றார். காற்றாலைக்கு அவர் எதிரியில்லை, கோபுரம்தான் வேண்டாம் என்றார். இப்படி ஆயிரம் பெரியவர்கள். 2015-இல் கூட்டணித் தலைவர்கள் கூடி, பெரிய தடங்களை மண்ணுக்கடியில் புதைக்க முடிவெடுத்தார்கள். போட்ட வரைபடமெல்லாம் குப்பைக்குப் போனது. 2022-இல் முடிய வேண்டிய ‘சூட்லிங்க்’ தடம் 2028-க்குத் தள்ளிப்போனது.

கேள்வி (கூடங்குளம் பக்கத்து ஊர்): 2011-இல் இடிந்தகரையில் நாங்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, ‘ஜெர்மனியே அணு உலையை மூடுகிறது’ என்று மேடையில் சொல்வார்கள். இப்போது அது தப்பு என்கிறார்களே, அண்ணா?

பதில்: தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அணுமின் நிலையங்களை மெல்ல மூடுவதென்று 2000-இலேயே ஷ்ரோடர் அரசு மின் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. 2010 இலையுதிர் காலத்தில் மெர்கல் அதைக் கலைத்து, பழைய உலைகளுக்கு 8 வருஷமும் புதியவற்றுக்கு 14 வருஷமும் கூட்டிக் கொடுத்தார். 2011 மார்ச் 11 புகுஷிமா. மார்ச் 14 நிறுத்திவைப்பு அறிவிப்பு. எட்டு உலைகள் அப்படியே நின்றன, பிறகு ஓடவேயில்லை. மார்ச் 27 பாடன்-வூர்ட்டம்பெர்க் தேர்தல். 1953 முதல் தன் கட்சி கையில் இருந்த மாநிலத்தைப் பசுமைக் கட்சிக்குப் பறிகொடுத்தார். ஜூன் 30, மொத்தமாக 2022-க்குள் மூட நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. எட்டு மாதத்தில் இரண்டு குட்டிக்கரணம்! முதல் கரணத்தை அடிக்காமலே இருந்திருந்தால் மின் நிறுவனங்களுக்கு 2021-இல் 243 கோடி யூரோ நஷ்டஈட்டுக்கு ஒத்துக்கொள்ள நேர்ந்திருக்காது.

ஜப்பான் மாதிரி தொழில்நுட்ப நாட்டிலேயே இப்படி நடக்குமென்றால் தான் முன்பு ஏற்றுக்கொண்ட அபாயத்தை இனி ஏற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அதை நான் நம்புகிறேன். மூடியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் ஊரில் நின்றுகொண்டு சொல்லவே மாட்டேன். வரிசைதான் தப்பு. 2010-இல் மின்சாரத்தில் அணுவின் பங்கு சுமார் 22 சதவீதம், நிலக்கரி அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. புகை கக்குவதை விட்டுவிட்டுப் புகை இல்லாததை முதலில் நிறுத்தினார். 2013-இல் பழுப்பு நிலக்கரி மின்சாரம் 1990-க்குப் பிறகு இல்லாத உச்சத்தைத் தொட்டது.

கேள்வி (நெய்வேலி): எங்கள் ஊரைப்போல அங்கேயும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் உண்டல்லவா? அதை எப்படி மூடுகிறார்கள்?

பதில்: உண்டு. உங்கள் ஊர்ச் சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரத்தின் மூதாதை இங்கேதான். கார்ட்ஸ்வைலர் சுரங்கத்தின் விளிம்பில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். அதற்காக இம்மெராத் என்ற ஊரைக் காலி செய்தார்கள். 2018 ஜனவரியில் அந்த ஊரின் இரட்டைக் கோபுரத் தேவாலயத்தை இடித்தார்கள். மெர்கல் ஆட்சியில்தான்.

அதே வருஷம் ஒரு நிலக்கரிக் குழு அமைத்தார். சுரங்கத் தொழிற்சங்கம், மின் நிறுவனம், சுற்றுச்சூழல் அமைப்பு, சுரங்கப் பகுதிக்காரர் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். 2038-க்குள் நிலக்கரியை நிறுத்துவது, அந்தப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ கொடுப்பது என்று முடிவானது. பழுப்பு நிலக்கரி நிறுவனங்களுக்குத் தனியாக 435 கோடி. 2038 ரொம்பத் தாமதம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலை போகிறவனுக்கு முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டுத் தேதி குறித்தார் பாருங்கள், அது நெய்வேலிக்காரர் கவனிக்க வேண்டிய இடம். வெட்கக்கேடு ஒன்றும் உண்டு: சட்டம் நிறைவேறிய அதே 2020-இல் டாட்டல்ன்-4 என்ற புத்தம்புது நிலக்கரி மின்நிலையமும் ஓட ஆரம்பித்தது.

கேள்வி (டோர்ட்முண்ட்): அண்ணை, நாங்கள் இஞ்ச இருபது வருசமா இருக்கிறம். கரண்ட் காசு ஏன் இப்பிடி ஏறினது? காற்றாலையாலயோ?

பதில்: பாதி அதனால்தான் அக்கா. உங்கள் பழைய பில்லில் ‘ஈ.ஈ.கே. உம்லாக’ என்று ஒரு வரி இருந்திருக்கும். சோலார்க்காரருக்குக் கொடுத்த உத்தரவாத விலையை எல்லாரிடமும் பிரித்து வாங்கிய வரி அது. பசுமைக் கட்சி அமைச்சர் ட்ரிட்டின் 2004-இல், குடும்பத்துக்கு மாதம் ஒரு யூரோ, ஓர் ஐஸ்கிரீம் உருண்டை விலைதான் என்றார். 2014-இல் அந்த வரி யூனிட்டுக்கு 6.24 சென்ட். வருஷம் 3,500 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு மாதம் 18 யூரோ ஆகிறது. எத்தனை உருண்டை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மின்சாரம் அதிகம் தின்னும் பெரிய ஆலைகளுக்கு இதில் சலுகை கொடுத்து, அந்தச் சுமையையும் வீடுகள் தலையில் ஏற்றினார்கள். சலுகையை மெர்கல் தொடங்கவில்லை, தாராளமாக விரித்தார். 2022 ஜூலையில், அவர் போனபிறகு, அந்த வரி எடுக்கப்பட்டது.

கேள்வி (பெங்களூரு): கார் கம்பெனிகளுக்கு அவர் செல்லப்பிள்ளை என்பார்களே?

பதில்: கார் கம்பெனிகள்தான் அவருக்குச் செல்லப்பிள்ளை. புதுக்கார்கள் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 95 கிராம் கரியமில வாயுதான் விடலாம் என்ற ஐரோப்பிய வரம்பை எல்லாரும் பேசி முடித்தபின், 2013-இல் ஜெர்மனி முட்டுக்கட்டை போட்டுத் தள்ளிவைக்கச் செய்தது. 2009 நெருக்கடியில் பழைய காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினால் 2,500 யூரோ கொடுத்தார்கள், மொத்தம் 500 கோடி. புதுக்கார் எவ்வளவு கரியமில வாயு விடும் என்று ஒரு கேள்வி இல்லை. ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலைகளில் பொது வேக வரம்பும் வரவில்லை. 2019-இல் போக்குவரத்து வெளியேற்றம் ஏறத்தாழ 1990-இல் இருந்த அளவிலேயே நின்றது.

கேள்வி (யாழ்ப்பாணம்): ரஷ்ய எரிவாயு?

பதில்: 2014-இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த வருஷமே ரஷ்ய எரிவாயுவைக் கடலுக்கடியில் கொண்டுவரும் இரண்டாவது நார்ட் ஸ்ட்ரீம் குழாய்க்கு ஒப்பந்தம். வியாபார விஷயம் என்றே மெர்கல் சொல்லிக்கொண்டிருந்தார். 2021-இல் இறக்குமதி எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. இதற்குச் சமாதானம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி (திருச்சி, சட்டக் கல்லூரி மாணவி): ஜெர்மன் நீதிமன்றம் அவர் சட்டத்தையே குட்டியது என்று படித்தேன். என்ன வழக்கு, சார்?

பதில்: 2019 செப்டம்பர் 20 அன்று ஜெர்மனி முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமையில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அன்றைக்கே அரசு தன் பருவநிலைத் திட்டத்தை வெளியிட்டது. பெட்ரோலுக்கும் வீட்டுச் சூடேற்றலுக்கும் டன் கரியமில வாயுவுக்கு 10 யூரோ விலை என்றார்கள், எல்லாரும் சிரித்தார்கள். மாநிலங்கள் அவையில் பேரம் பேசி 25 ஆக்கினார்கள். கூடவே வந்த சட்டம் 2030-க்குள் 55 சதவீதக் குறைப்பு என்றது, அதற்குப் பிறகு என்ன என்று தெளிவாகச் சொல்லவில்லை. இளைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம், 2030 வரை நீங்கள் சாவகாசமாகச் செலவழித்தால் அதற்குப் பின் வருகிறவர்களின் சுதந்திரத்துக்குக் கை வைக்க வேண்டிவரும், அது செல்லாது என்றது. வாரக்கணக்கில் 65 சதவீதம், 2045-க்குள் நிகர பூஜ்யம் என்று சட்டம் மாறியது. 14 வருஷமாக முடியாது என்று சொன்னதெல்லாம் இரண்டே மாதத்தில் முடிந்தது!

கேள்வி (கோவை): 2020-க்குள் 40 சதவீதம் குறைப்போம் என்றார்களே, கடைசியில் பாஸா?

பதில்: கருணை மார்க்கில் பாஸ். 2018-இலேயே இலக்கு எட்டாது என்று கூட்டணி கைவிரித்துவிட்டது. பிறகு கொரோனா வந்தது, வண்டிகள் நின்றன, 40 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள். ஒப்பிடும் வருஷம் 1990 என்பதும் ஒரு சலுகை, ஏனென்றால் சுவர் விழுந்தபின் கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆலைகள் மூடியதில் கணிசமான குறைப்பு தானாக வந்துவிட்டது.

அவரும் மறைக்கவில்லை. 2021 ஜூலையில் ஆர் பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரங்களிலும் வந்த வெள்ளத்தில் ஜெர்மனியில் 180-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வாரப் பத்திரிகையாளர் சந்திப்பில், பருவநிலைக்காகத் தான் நிறைய உழைத்ததாகவும், தேவையோடு ஒப்பிட்டால் நடந்தது போதாது என்றும் ஒத்துக்கொண்டார்.

கேள்வி (தாம்பரம்): சென்னை பஸ்ஸுக்கு மெர்கல் பணம் கொடுத்தாராமே, நிஜமா?

பதில்: நிஜம்தான், ஆனால் கடன். 2019 நவம்பரில் டெல்லி வந்தபோது ஊரெல்லாம் புகைமூட்டம். இந்தப் புகையைப் பார்த்தாலே டீசல் பஸ்ஸை மாற்ற வேண்டியது புரியும் என்று பேசினார், தமிழக பஸ்களுக்கு 20 கோடி யூரோ என்றும் சொன்னார். ஜெர்மன் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ வழியாக வருகிற பணம். முதல் கட்டத் திட்டத்தில் மின்சார பஸ் 500. மீதி 2,000-க்கு மேல், பிஎஸ்-6 டீசல்.